நீரூற்றுக்கு மரண அறிவிப்பு

"பத்திரிகைதான் ஜனநாயகத்தின் மூச்சு!" என்று மேயர் காமென் கண்ணாடி முன் முழங்கிக்கொண்டிருந்தபோது, உதவியாளர் ஸென்கோ மூச்சிரைக்க வந்து நின்றார். பத்திரிகைச் சுதந்திர விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. தலைநகர் சோஃபியாவிலிருந்து அமைச்சரே வருகிறார்.

"ஐயா, வார இதழ் நடத்தற ருசலினா நம்ம நீரூற்றுக் குழாயைப் பத்தி விசாரிச்சாங்க. மிரட்டிட்டு வந்தேன். ஆனாலும் பேப்பர் கடைக்கு வந்துடுச்சு."

சதுக்கத்து நீரூற்று திறந்த மூன்றாம் நாளே வற்றியிருந்தது. குழாய் பதித்தவர் மேயரின் மைத்துனர்.

"ஒண்ணு விடாம வாங்கிட்டு வா!"

வந்தது.

"படிச்சுப் பாக்கலாங்களா?"

"வயித்தெரிச்சலைக் காசு குடுத்து வாங்கினது போதாதா? அடுப்புல போடு!"

மறுநாள் ஊரில் வேறு பேச்சே இல்லை. மேயர் அச்சகத்தைக் கூப்பிட்டு, அடுத்த இதழ் வராதபடி இயந்திரத்தைப் 'பழுதுபார்க்க'ச் சொன்னார். அதற்கடுத்த நாள் ஊரில் சாவுச் செய்தி ஒட்டும் கம்பங்களிலெல்லாம், கறுப்புக் கட்டமிட்டுக் கையால் எழுதிய மரண அறிவிப்பு:

'நம் அன்பு நீரூற்று மூன்று நாள் வாழ்ந்து மறைந்தது. அதன் குழாய் மண்ணுக்கடியில் ஒரு பீப்பாயோடு முடிகிறது. மேயரின் மைத்துனருக்கு அனுதாபங்கள். துயருறும் ஊரார்.'

"கிழிடா!"

ஸென்கோ சிலுவை போட்டுக்கொண்டார். "சாவு நோட்டீஸையா? அதை மழையும் காத்தும்தான் கிழிக்கணும். எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

விடியற்காலையில் மேயரே இறங்கிக் கிழித்தார். அவசரத்தில் பக்கத்திலிருந்த நிஜச் சாவு அறிவிப்புகளும் கையோடு வந்துவிட்டன. நண்பகலுக்குள் கறுப்பு உடைக் கைம்பெண்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள்.

"என் புருஷனை ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டியேடா, பாவி!"

அவர்களைச் சமாதானப்படுத்த, சதுக்கத்தில் பெரிய பலகை வைத்தார் மேயர். யாரும் எதையும் ஒட்டலாம், ஒருவரும் தொடமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தார். விடிந்தபோது பலகை முழுக்க நீரூற்றுதான்.

விழா நாளில் வறண்ட தொட்டியைச் சுற்றி ஊரே பூவும், இறந்தவர்களுக்குப் படைக்கும் அவித்த கோதுமையுமாக நின்றது.

"பத்திரிகைச் சுதந்திரத்துக்கா இவ்வளவு கூட்டம்!" என்று நெகிழ்ந்த அமைச்சர், யாரோ நீட்டிய கோதுமையை மென்றபடியே பலகையைப் படிக்க ஆரம்பித்தார். மெல்லுவது நின்றது.

மேயர் முகம் வெளுத்துப்போய், பத்திரிகைக் கடை தாஃபினாவிடம் சீறினார். "எல்லாம் அந்த ருசலினா அன்னிக்கு எழுதின எழுத்தால!"

"அவ பயந்துபோய் ஒரு வரிகூட எழுதலீங்களே, அந்த வாரம் பேப்பர் பூரா மிளகாய் ஊறுகாய் போடற விதம்தான், அதையும் நீங்க ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போகவும்தான், அப்படி என்னத்தை மறைக்கறாருன்னு ஊரே மண்வெட்டியோட போய்த் தோண்டிப் பாத்துச்சு!"