தையல் சிட்டும் நின்றுபோன மீட்டரும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தேர்வுப் பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் செல்வக்கனி சொன்னது. அவளுக்கு யாரோ பேருந்தில் சொன்னார்களாம். கேட்டபடியே எழுதுகிறேன்.

ஒரு காட்டில் ஒரு நகரம் இருந்தது. அங்கே மரத்துக்கு மரம் விளக்கு உண்டு. எல்லா விளக்குகளுக்கும் கரடியின் அனல் மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. கரடி நாள் முழுக்கக் கரியை எரித்தது. நகரம் நாள் முழுக்க இருமியது.

தையல் சிட்டின் குஞ்சுதான் எல்லாரையும்விட அதிகமாக இருமியது. பயந்துபோன சிட்டு அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஒரு முள்புதரில் குடியேறியது. அங்கே காற்று நன்றாக இருந்தது. பாம்பும் இருந்தது.

பிறகு நகரம் திருந்தியது. குன்றின்மேல் காற்றாலைகள் சுழன்றன. பாறைகளின்மேல் சோலார் தகடுகள் வெயில் காய்ந்தன. கரடியின் உலை அணைந்தது. பத்தே நாளில் எதிர்மலை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே ஒரு மலை இருப்பதே பல விலங்குகளுக்குப் புதுச் செய்தி.

சிட்டு உடனே நகர அலுவலகத்துக்குப் பறந்தது. குஞ்சுள்ள குடும்பம் நகரத்துக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக் கொடுப்பது உடும்பு. ஒரு விதியைப் பிடித்தால் விடாது.

“ஐயா, புகை போயிருச்சு. சீட்டு கொடுங்க. நேத்து பாம்பு புதருக்குள்ளேயே தலையை விட்டுருச்சு.”

“புகை அம்பதுக்குக் கீழே இருந்தாத்தான் சீட்டு. மீட்டர் நானூத்திப் பன்னிரண்டு காட்டுதேம்மா.”

“அந்த மீட்டர் கரடியண்ணன் லைன்ல ஓடினதுங்கய்யா. உலை அணைஞ்சப்போ முள்ளும் அப்படியே நின்னுபோச்சு.”

“இருக்கலாம்.”

“காத்தாலை லைனுக்கு மாத்துங்களேன்.”

“தாராளமா மாத்தலாம். விண்ணப்பத்தோட போன மாசப் புகை அளவை இணைச்சுக் கொடு.”

“அளவை மீட்டர்தானே சொல்லணும்?”

“அது நின்னுபோச்சுன்னு நீதானே சொல்றே!”

ஆனாலும் உடும்புக்கு இரக்கம் உண்டு. யோசித்துவிட்டு, மறுநாள் ஒரு நாள் மட்டும் உலையைக் கொளுத்தும்படி கரடிக்கு ஆள் அனுப்பியது.

“புகை இல்லைன்னு காட்ட நான் புகைக்கணுமா?” என்று கேட்டபடி வந்தது கரடி.

“மீட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறது மட்டும்தான்பா உன் வேலை. புகையை மீட்டர் பார்த்துக்கும்.”

கரி எரிந்தால் மீட்டர் என்ன காட்டும் என்று சிட்டுக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் அகலமான ஓர் இலையைக் கொண்டுபோய், மீட்டர் காற்றை இழுக்கும் துளையின்மேல் வைத்துச் சுற்றிலும் தைத்தது. நெருக்கமான தையல்.

உலை எரிந்தது. எதிர்மலை மறைந்தது. மீட்டருக்கு உயிர் வந்தது. முள் நேராகப் பூஜ்யத்துக்குப் போய் உட்கார்ந்தது.

உடும்பு சீட்டில் கையெழுத்துப் போட்டது. பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதியது: ‘காற்றாலை ஓடியபோது 412. கரி எரிந்தபோது 0.’ எழுதியதை மூன்று முறை படித்தது. அன்று மாலையே காற்றாலைகளை நிறுத்திவிட்டு உலையைத் தொடர்ந்து எரிக்கச் சொல்லி ஆணை போனது.

சிட்டு நகரத்தின் நடுவே ஒரு புங்கமரத்தில் கூடு கட்டியது. பாம்பு கிடையாது. மூன்றாம் நாள் குஞ்சு இருமத் தொடங்கியது. அந்த வழியே போன உடும்பு நின்று அண்ணாந்து பார்த்தது.

“என்னம்மா சத்தம்?”

சிட்டு இலையை நினைத்தது. தையலைப் பிரித்தால் சீட்டுப் போகும். சீட்டுப் போனால் பாம்பு.

“விக்கலுங்கய்யா.”

“அதானே பார்த்தேன். தண்ணி கொடு.”

நீதி: இருமல் வந்தால் முதலில் மீட்டரைப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் அது விக்கல்.

தையல் சிட்டு அலகால் இலையில் துளையிட்டு, நாரும் சிலந்தி நூலும் கொண்டு உண்மையாகவே தைக்கும் என்று பின்னர் நூலகத்தில் சரிபார்த்தேன். அதற்கு விக்கல் வருமா என்பது நான் பார்த்த புத்தகத்தில் இல்லை.