ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆன கணவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, இந்த வீட்டில் இனி ஆட்சி மாற்றம்தான் என்று கணினிக்காரர் முடிவெடுத்தார். அலுவலகத்தில் நாற்பது கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் அவர். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அதுதான் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அந்த லேப்டாப்பில் அவருக்கு அலுவலகச் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம். அதே மூன்று மணிக்கு, அதே லேப்டாப்பில், அவர் மனைவிக்குக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நேர்காணல். அவள் நான்கு முறை சொல்லியிருந்தாள். நான்கு முறையும் அவர் தலையாட்டியிருந்தார். தலை ஆடினால் காது கேட்டது என்று அர்த்தமா என்ன? நாட்காட்டியில் சிவப்பு வட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நேராகக் கேட்டால் கிடைக்காது. கேட்க நியாயமும் இல்லை. நியாயம் இல்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, நிர்வாகம்.

அலுவலகத்தில் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கும் தாளை அப்படியே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். தலைப்பு: 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்பவை'.

"என்னங்க இது?"

"இனிமே இந்த வீட்டுக்கு நான்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். எந்த புரோகிராமும் பிரிண்டரையோ டிஸ்க்கையோ தானாத் தொடாது. சிஸ்டத்தைக் கேக்கும். யாருக்கு எது, எவ்வளவு நேரம்னு சிஸ்டம்தான் முடிவு பண்ணும். நீயும் அப்பாவும் எதையும் நேராத் தொடக்கூடாது. என்னைக் கேக்கணும்."

"வாஷிங் மெஷினையுமா?"

"எதையுமே!"

அவள் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். அவருக்கு அது அதிகாரப் பட்டியல். அவளுக்கு அது வேலைப் பட்டியல். தாள் என்னவோ ஒன்றுதான்.

"சரிங்க," என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் எதிர்வாதம் இல்லாமல் சம்மதித்தது இதுதான் முதல் தடவை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"துணி துவைக்கணும்."

"அனுமதி உண்டு."

"அனுமதியை வெச்சு நான் என்ன பண்றது? நான்தான் தொடக்கூடாதே. ரெண்டாவது வரி பாருங்க: கேட்பது புரோகிராம், கருவியை இயக்குவது சிஸ்டம்."

இயக்கினார். அடுத்து அவளுடைய சான்றிதழ்கள். 'கோப்புகளைத் தேடிக் கொடுத்தல்' மூன்றாவது வரி. பரண் ஏறி, பதினோரு முறை தும்மி, தேடிக் கொடுத்தார். அழைப்பு மணி அடித்தது. 'அந்நியர் நுழையாமல் காத்தல்'. தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவரிடமிருந்து இருபது நிமிடம் வீட்டைக் காத்தார். அடுப்பும் ஒரு கருவிதான் என்பது பதினொன்றரைக்குத் தெரியவந்தது.

இதற்கு நடுவில் கூடத்திலிருந்து அப்பாவின் குரல். பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பி ஓய்வு பெற்றவர்.

"சிஸ்டம்! ஒரு டீ!"

"இப்பத்தானேப்பா குடிச்சீங்க?"

"அது போன கோரிக்கை."

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, ஈரச் சட்டையோடு அவர் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். தலை வாரி, சான்றிதழ்களைக் கையில் அடுக்கிக்கொண்டு மனைவி வந்து நின்றாள்.

"லேப்டாப் வேணும். கதவு சாத்துற அறை வேணும். ரெண்டு மணி நேரம்."

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இத்தனை பாடு!

"முடியாது. ஒதுக்கீடு ஆயிடுச்சு."

"யாருக்கு?"

"வேற ஒரு புரோகிராமுக்கு."

"வீட்டுல இருக்கறது நானும் மாமாவும். மாமா, நீங்க லேப்டாப் கேட்டீங்களா?"

"நான் எங்கம்மா கேட்டேன்!"

"மறுத்தா காரணத்தைச் சொல்லணும். ஆறாவது வரி."

"எனக்குத்தான். சதுரங்க இறுதி ஆட்டம்."

"சிஸ்டம் தனக்குன்னு ஆட்டம் ஆடுமா? முதல் வரியே என்ன? 'மற்றவர் வேலை நடப்பதற்காகவே இயங்கும்.' ஆபீஸ்ல நாப்பது பேர் காத்திருக்க, உங்க சிஸ்டம் சதுரங்கம் ஆடினா விட்டுடுவீங்களா?"

"அப்படின்னா நான் சிஸ்டமே இல்ல! ராஜினாமா! நானும் உன்னை மாதிரி ஒரு சாதாரண புரோகிராம். கேக்கற உரிமை எனக்கும் உண்டு!"

சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்தது. பதவியைத் தூக்கி எறிந்து வாதத்தில் ஜெயிக்கும் வித்தை உலகில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"தாராளமாக் கேளுங்க," என்றாள் அவள். "ஆனா பதவி காலியாயிடுச்சே. யாரைக் கேப்பீங்க?"

இருவர் கண்களும் கூடத்து நாற்காலிக்குப் போயின. பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய குரல் வந்துவிட்டது.

"மூணு மணி வண்டி மருமகளுக்கு. ஏறும்மா, நேரமாச்சு."

அறைக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே, "வணக்கம், நான் தயார்," என்று அவள் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"அப்பா, அப்ப எனக்கு?"

"உனக்கு அஞ்சு மணிக்கு."

"என் ஆட்டமே மூணு மணிக்குத்தான்ப்பா!"

"வண்டியைத் தவறவிட்ட பயணிக்கு," என்றார் பெரியவர், "நிலையம் பொறுப்பாகாது."