இருபது நாள் எரு

செம்மேட்டு நாட்டில் மழையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. மழைக்கும் ஒரு குழு போட்டிருந்தார்கள், அறிக்கைதான் வந்தபாடில்லை. அந்த நாட்டு அரசர் ஒரு நாள், கடல் கடந்து வரும் உப்பு உரத்துக்குத் தடை விதித்து, இனி மண்ணுக்கு எருவே உணவு என்று அறிவித்தார்.

இதைக் கேட்டு மெய்யாகவே மகிழ்ந்தவள் செங்கம்மா. புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பெண்பிள்ளைகள், அரைக்காணி மேட்டுநிலம், ஒரு பானை விதைக் கேழ்வரகு, இவ்வளவுதான் அவள் சொத்து. சாணம், கொழிஞ்சித் தழை, சாம்பல் என்று அடுக்கி, நீர் தெளித்து, மூன்று முறை புரட்டிப்போட்டு, நூறு நாள் பொறுத்தால் குப்பை கறுத்துப் பொலபொலவென்று உதிரும் என்பது அவளுக்குத் தெரியும். ராஜாவுக்கும் ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று குலசாமிக்குச் சூடம் கொளுத்தினாள், பாவம். குவியலைப் போட்டுவிட்டு, உடனே நாற்றுவிட வேண்டும் என்ற ஆணைப்படி இருந்த விதை முழுவதையும் நாற்றுவிட்டாள்.

எரு மந்திரி குணபாலர் இருபதாம் நாளே பரிவாரத்தோடு வந்து நின்றார். அரசரின் முடிசூட்டு ஆண்டு விழா நெருங்குகிறதாம். அதற்குள் நாடெங்கும் எரு இறைத்து நடவு முடிந்தாக வேண்டுமாம். செங்கம்மா குவியலைக் கிளறிக் காட்டினாள். ஆவி பறந்தது.

"இன்னும் வேகுதுங்க சாமி. கை வெச்சாலே சுடுது. இப்பப் போட்டா நாத்து வேரு வெந்துபோகும். நூறு நாள் ஆவணுங்க."

குணபாலர் ஓலையைப் பிரித்தார். "எரு இருபது நாளில் மக்கிவிடும் என்று நேற்றே சட்டம் இயற்றியாகிவிட்டது அம்மா. உன் குப்பைக்கு அது தெரியாமல் இருக்கலாம். உனக்குமா தெரியவில்லை?"

குவியலின் மேல் சுண்ணாம்பு முத்திரை குத்தினார். காவலர்கள் வாரி இறைத்தார்கள். அவர்கள் கண்முன்னேயே அவள் நட வேண்டியிருந்தது. எட்டாம் நாள் நுனி கருகியது. மிஞ்சியதை வெள்ளைப் புழு வேரோடு தின்றது. ஊர் முழுக்க இதே கதிதான். பயிர் மஞ்சளாகிவிட்டது என்று குடிகள் முறையிட்டபோது, மஞ்சள்தான் முற்றிய பயிரின் நிறம் என்று ஆணை வந்தது. முற்றிவிட்டதால் அறுக்கச் சொன்னார்கள். அறுத்தார்கள். மாட்டுக்குப் போடத் தாள்கூடத் தேறவில்லை. அறுவடை முடிந்த நாட்டில் பஞ்சம் இருக்க முடியாது என்று கஞ்சித் தொட்டிகளையும் மூடிவிட்டார்கள். அடேயப்பா, என்ன நிர்வாகம்!

செங்கம்மாவின் சின்ன மகள் புளிய இலையை மென்றுகொண்டு கிடந்தாள்.

அந்த நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கை தூக்கி அரசரைத் தேர்வது வழக்கம். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று குணபாலர் அரசரை விட்டு விலகி, அவரையே எதிர்த்து நின்றார். மேடையில் கண்ணீர் விட்டார். "ஏழை மக்களை இருபது நாள் காக்க வைத்தது கொடுமை அல்லவா? என் ஆட்சியில் பத்தே நாளில் எரு மக்கும்!" கை தூக்குவோருக்கு ஆளுக்கொரு படி விதைக் கேழ்வரகு உண்டு என்றார்.

மூக்கன் என்ற பண்ணையாளும் போட்டிக்கு நின்றான். எரு மக்க நூறு நாளாகும், அதுவரை அரண்மனைக் குதிரில் இருக்கும் தானியத்தைப் பகிர்ந்து கஞ்சி காய்ச்சிக் குடிப்போம் என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னது முழுக்க உண்மை என்று செங்கம்மாவுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்க்காமல் குணபாலருக்குக் கை தூக்கினாள். மூக்கனுக்குத் தூக்கிய கை ஒன்றே ஒன்று, அதுவும் அவனுடையது.

படி விதையை மடியில் கட்டிக்கொண்டு, இதையாவது விதைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் பெரியவள் நின்றிருந்தாள்.

"அம்மா, தங்கச்சி கூப்பிட்டா கண்ணே தொறக்க மாட்டேங்குறா."

செங்கம்மா திருகையை இழுத்துப் போட்டு விதையை அரைத்தாள். அழுதுகொண்டேதான் அரைத்தாள். அன்று எல்லா வீட்டிலும் திருகைச் சத்தம் கேட்டது.

குணபாலர் அரசரானார். விதைக்க எவரிடமும் ஒரு மணி இல்லாததால், பத்து நாள் எருவைப் போட்டுப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை. சொன்ன சொல் பொய்க்காத ஒரே அரசர் என்று அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.