மைக்கண்ணனின் தேன்குழல் அறிவிப்பு

டெங்கு எச்சரிக்கையைக்கூடக் கல்யாண அழைப்பு மாதிரி வாசிக்கத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் காரைக்குடிக்காரர். உண்மைப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். மைக் பிடிப்பதால் எங்களுக்கு அவர் மைக்கண்ணன்.

நான் அப்போது ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் விழிப்புணர்வு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். குப்பை, கொசு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் என்னிடம் வாசகம் தயாராக இருக்கும். ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அதைத் தெருத்தெருவாக வாசிப்பது மைக்கண்ணன் வேலை. ஆனால் எழுதியதை எழுதியபடி வாசித்ததாகச் சரித்திரமே இல்லை.

"எச்சரிக்கைன்னு ஆரம்பிச்சிருக்கீக தம்பி. நம்ம ஊர்ல யாரையாச்சும் அதட்டி வரவைக்க முடியுமா? அழைச்சாத்தான் வருவாக" என்பார். தொட்டியை மூடாவிட்டால் அபராதம் என்று நான் எழுதினால், "கொசுவைத் தவிர எல்லாரும் நம்ம வீட்டுக்கு வரட்டும், அதனால தொட்டியை மூடி வைக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்" என்று ஸ்பீக்கர் குழையும்.

ஒருமுறை இது கைமீறிப் போனது. நாச்சியாபுரத்தில் ஊரணியைச் சுத்தம் செய்ய ஆள் திரட்ட வேண்டும். "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து சிறப்பிக்கணும்" என்று உருகிவிட்டார். மறுநாள் காலை ஊரே பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமாக ஊரணிக்கரையில் நின்றது. மண்வெட்டி எங்கள் கையில் மட்டும்தான் இருந்தது. ஒரு பெரியவர் என்னை ஓரமாக அழைத்து, "பந்தி எங்குட்டு தம்பி?" என்றார். நான் மைக்கண்ணனைப் பார்த்தேன். அவர் அசரவில்லை. "வந்துட்டாகல்ல? மிச்சத்தை நீங்க பேசுங்க" என்றார். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்திருபது பேர் இறங்கத்தான் செய்தார்கள்.

இந்த அனுபவத்தால் காசநோய் முகாமுக்கு நான் கறாராக இருந்தேன். "காசநோய் காற்றில் பரவும். தொடர்ந்து இருமுபவரிடம் ஜாக்கிரதை" என்று எழுதி, ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்றேன். மைக்கண்ணன் தாளை இரண்டு தடவை படித்தார்.

"இது இருமாதவகளுக்குச் சொல்றது. இருமுறவகளுக்கு என்ன சொல்றீக?"

"உள்ளதை வாசிங்கண்ணே" என்றேன். கோட்டையூரில் அப்படியே வாசித்தார்.

அங்கே ஒரு தெருவில் தேன்குழல் சுட்டு விற்றுப் பிழைத்தவர் முத்துராக்கு அக்கா. ஒரு மாதமாக அவருக்கு இருமல். அறிவிப்பு போன மறுநாளே அவரிடம் பலகாரம் வாங்க ஆள் இல்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். முகாமுக்கும் வரவில்லை. காசநோயாக இருந்து மருந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் நோட்டீஸ் எழுதியவன் நான்தானே.

மைக்கண்ணன் என்னைத் திட்டவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் சர்க்கரையும் எடுத்து வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போனார்.

"யாரு?" உள்ளிருந்து இருமலோடு அக்காவின் குரல் வந்தது.

"மைக்குக்காரன் ஆத்தா. அழைக்க வந்திருக்கோம்."

"மைக்குல சொன்னது பத்தாதா? இன்னும் என்ன சொல்லப் போறீக?"

"அது தப்பாச் சொன்னது. அதுக்குத்தான் நேர்ல வந்தோம். அந்த நோவாவே இருந்தாலும் மருந்து இருக்கு, காசு வேணாம். ஒழுங்காச் சாப்பிட்டாக் கொணமாயிரும். நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு அவசியம் வரணும்."

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பரிசோதனையில் காசநோய்தான் என்று தெரிந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். குணமாகிவிட்டது என்று டாக்டரே சொன்னார். ஆனால் மறுபடி அடுப்பு மூட்டியும் தெருவில் ஒருத்தரும் வாங்கவில்லை. "காசநோய் உணவால் பரவாது" என்று புது வாசகம் எழுதிக்கொண்டு ஓடினேன். மைக்கண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆட்டோவை அக்கா வாசலில் நிறுத்தி, மைக்கை வாயருகே பிடித்தபடி ஒரு தேன்குழலை வாங்கிக் கடித்தார். நறுக். தெரு முழுக்கக் கேட்டது. இன்னொரு நறுக்.

"உப்பு சரியா இருக்கு ஆத்தா. இன்னும் நாலு குடுங்க."

வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நாலையும் நிதானமாகத் தின்று முடித்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரம்மா தூக்குச்சட்டியோடு படியிறங்கி வந்துவிட்டார்.

மைக்கண்ணன் இப்போது மகள் வீட்டோடு சிவகங்கையில் இருக்கிறார். வேறு யாரோ பதிவு செய்து கொடுத்த குரல்தான் ஆட்டோவில் ஊரைச் சுற்றுகிறது. என் வாசகத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்கிறது. சொல்லி முடித்ததும் ஒரு நறுக் கேட்காதா என்று நான் இன்னும் வாசலில் நிற்கிறேன்.