சலவைக்கடைக்கு வங்கி கடன் கொடுத்த விவரம்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு யாவரும் சுகம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் சுகமா என்று முறைப்படி விசாரிக்க வேண்டும்; கை துடிப்பதால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கி எனக்குக் கடன் கொடுத்துவிட்டது! "உன் சலவைக்கடைய நம்பி எவனும் ஒரு ஊசிகூடக் குடுக்க மாட்டான்" என்றீர்களே, அதைத் தயவுசெய்து இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.

பெரிய மெஷின் வாங்காவிட்டால் ஆஸ்பத்திரி படுக்கைவிரிப்பு வேலை அடுத்த மாதமே கைவிட்டுப் போய்விடும் என்ற நிலையில் விண்ணப்பம் போட்டேன், கொடுத்தால் திரும்பி வருமா என்று எடைபோட ஒரு கடன் அதிகாரி வந்தார், ஒல்லியான மனிதர், தடியான ஃபைல், "ஆஸ்பத்திரி வேலை நின்னுபோனா எப்படிக் கட்டுவீங்க?" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "அத நெனச்சாத்தாங்க எங்களுக்குத் தூக்கமே வரல" என்று உண்மையைப் போட்டு உடைத்தார். "பழைய மெஷின் இன்னும் ஓடுதா?" என்று அதிகாரி கேட்க, "பாருங்களேன்" என்று இவர் சுவிட்சைத் தட்ட, அது பிழிய ஆரம்பித்ததும் நிஜமாகவே ஓடிவந்தது அண்ணா, நேராக அதிகாரியை நோக்கி! அவர் ஃபைலோடு இஸ்திரி மேஜைமேல் ஏறிவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நிக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து, "அக்கா, வெளுக்கப் போட்ட என் ரெண்டு கோட்டையும் குடுங்க, காசு வெள்ளிக்கிழம" என்றார். எனக்கு அதிகாரி இருப்பதே மறந்துபோச்சு. "எந்த வெள்ளிக்கிழம? போன மாசமும் இதேதான் சொன்னீங்க. வேல மாறிட்டீங்களாமே, மொத சம்பளம் எப்போ? கால்ல புது ஷூ, ரொக்கமா தவணையா?"ன்னு கேட்டேன். "தவணைதாங்கா"ன்னு முனகினார். "அப்ப வெள்ளிக்கிழம ஷூக்காரன் முதல்ல நிப்பான், நான் பின்னாடி நிக்கணும். வேலைக்குப் போட்டுப் போக ஒண்ண எடுத்துக்குங்க. இன்னொண்ணு காசு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்"னேன்.

மேஜைமேலிருந்து ஒரு குரல்: "அம்மா, வருமானம், பழைய நடத்தை, வேற கடன், ஈடு, நாலையும் பாத்துட்டீங்க! எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு கமிட்டியே இருக்கு!"

ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிட வழியை முக்கால் மணி நேரம் நடந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் கடைக்கு வந்தேன்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, தங்களுக்குச் சற்றே நிமிர்ந்த வணக்கம்.

இப்படிக்கு,
வங்கியே நம்பிய தங்கை

பி.கு.: மெஷின் இன்று காலை வந்து இறங்கியது. கடை வாசலைவிட ஒரு சாண் அகலம். சுவரை இடிக்கணும்கிறார் கொத்தனார், கூடவே கூடாதுங்கிறார் கடைச் சொந்தக்காரர், மெஷின் தெருவுல நிக்குது. அந்த அதிகாரி என்னிடம் நாற்பத்தாறு கேள்வி கேட்டார் அண்ணா, வாசல் எவ்வளவு அகலம்னு மட்டும் கேக்கவே இல்ல.