தரையை விட்டு எழும்பாத ஏரோப்ளேன்

சேக்காடு,
தாரண வருஷம், புரட்டாசி மாசம்.

சென்னீர்குப்பம் தம்பி பரந்தாமனுக்கு, கோதண்டத்தின் ஆயா பொன்னம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், பசுமாடும் சுகம். அங்கே நீங்களும் சம்சாரமும் குழந்தை தாட்சாயிணியும் சுகமாக இருக்க வேற்காட்டம்மா துணை. நான் அஞ்சாங்கிளாஸ் படித்தவள், பிழை இருந்தால் தள்ளிவிட்டு விஷயத்தைப் பார்க்கவும்.

விஷயம் என்னவென்றால், ஏரோப்ளேன் வேலைக்காரனுக்குத் தாட்சாயிணியைக் கொடுப்பதற்கில்லை, மேலே போனவன் கீழே வருவது நிச்சயமில்லை என்று தரகர் சின்னசாமியிடம் சொல்லி அனுப்பினீர்களாம். பெற்றவருக்கு அந்தப் பயம் நியாயந்தான். ஆனால் தம்பி, என் பேரன் ஆவடி பட்டாளத்துப் பட்டறையில் செய்திருப்பது பொய் ஏரோப்ளேன். ஓட்டக் கத்துக்கிறவர்கள் உட்கார்ந்து பழகுவதற்கு. அடியில் துருத்தி வைத்துத் தரையோடு போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறான். ரெண்டு கண்ணாலே பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு ஊட்டுக்காரங்களை உள்ளே விடுவார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மாட்டு வண்டி நீளத்துக்கு ஒரு பெட்டி, ரெண்டு பக்கமும் குட்டி றெக்கை. "ஏறிக் குந்து ஆயா, ஒண்ணும் ஆவாது" என்றான். குந்தி முன்னாலிருந்த ஓட்டுகிற கோலை லேசாய் இழுத்தேன், துருத்தி புஸ்ஸென்று ஊதிப் பெட்டியின் மூக்கை மேலே தூக்கினது, ரெண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டேன், வேகம் ஏறுவதாய் முள் காட்டக் காட்டக் கோலும் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது. "இன்னாடா இது, கன்னுக்குட்டி முரண்டு பண்றாப்பல கீது" என்றேன். "நெசத்துல அப்பிடித்தான் கீது ஆயா, காத்து அழுத்தும். அதுக்குத்தான் ஸ்பிரிங்கு வெச்சிகீறேன்" என்றான். விளக்கைப் போட்டால் பாட்டரி முள் இறங்குகிறது, அணைத்தால் ஏறுகிறது, மறந்து எரியவிட்டால் எல்லா முள்ளும் செத்துப்போகிறது. பொய்யிலே இத்தனை உண்மை வைக்கிற பிள்ளை உங்கள் பெண்ணிடம் பொய் சொல்லுவானா, நீங்களே யோசியுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன சங்கதி, பிறத்தியார் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பெரிய துரைக்கு ஓட்டிக் காட்ட வரதன் என்கிற ஆபீசர் ஏறி மூடியைச் சாத்திக்கொண்டார். முதமுதல்ல கிளம்பற வண்டிக்குத் தேங்காய் உடைக்காம விடலாமா. பூஜைத் தேங்காயை எடுத்துப் பெட்டி மூக்கிலே ஒரே போடு போட்டேன், அத்தனை தண்ணியும் இடுக்கு வழியாய் மின்சாரப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. உள்ளே விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது, முள்ளெல்லாம் சாமி வந்தாற்போல் ஆடினது. கோதண்டம் முகம் வெளுத்து, "ஆயா, இன்னா பண்ணே" என்றான். தேங்காய் மூடியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு, "உனக்கு நல்லதுதான் பண்ணேன்" என்றேன். உள்ளே இருந்தவரோ இதுவும் பரீட்சைதான் என்று நினைத்து, எரிகிற விளக்கையெல்லாம் அணைத்து, கோலைக் கெட்டியாய்ப் பிடித்து, எப்படியோ இறக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். பெட்டியில் சொட்டின தண்ணியைப் பார்த்து, மழைத்தண்ணி உள்ளே இறங்கினால் நிஜ ஏரோப்ளேனும் அச்சு அசல் இதேதான் பண்ணும் என்று சொல்ல, துரை என் பேரன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இப்போது தண்ணி இறங்காமலே அப்படி ஆக்க ஒரு சுவிட்சு வைக்கச் சொல்லியிருக்கிறார். தேங்காய் மூடியை யாரும் கேட்கவில்லை, சட்னி அரைத்துவிட்டேன்.

ஆகையால் தம்பி, இந்தச் சண்டைக் காலத்தில் தரையை விட்டு ஒரு முழம் எழும்பாத மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம். ஐப்பசியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம். குழந்தை தாட்சாயிணி தலை நிறையப் பூவோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொன்னம்மாள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரத்தில் கோதண்டம் வந்தான். பொய்யே இத்தனை நன்றாக இருக்கிறதே, நிஜத்தோடு ஒத்துப்பார்த்து இன்னும் சரிபண்ணட்டும் என்று துரை வருகிற திங்கட்கிழமையிலிருந்து தினமும் அவனை நிஜ ஏரோப்ளேனில் மேலே அனுப்புகிறாராம். பிள்ளைக்கு வாயெல்லாம் பல்லு. இதை மாற்றி எழுத வேறே காகிதம் தேடினேன், கிடைக்கவில்லை. ஆகையால் ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையே பாக்கு மாற்றிக்கொள்ளலாம்.