லேபிள் கிழித்த லேகியம்

கரமனை,
ஆடி வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு நாகலக்ஷ்மி நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்திம்பேரின் முழங்காலும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நாட்டுப்பெண் ஜானவிக்கு மூன்று மாதம். ஐந்து வருஷமாக “அவளுக்குத்தான் ஏதோ கோளாறு” என்று நீ ஊரெல்லாம் சொன்ன அதே ஜானவி.

இனி, போன தீபாவளிக்கு நீ திருநெல்வேலியிலிருந்து அனுப்பிய லேகியத்தின் கதை. உன் பிள்ளை கிரிஷுக்குக் குழந்தை பிறக்கத்தான் வைத்தியரிடம் வாங்கினாய் என்று இப்போதுதான் தெரிகிறது. ஆண்பிள்ளைக்கு இப்படியொரு மருந்து என்று வெளியே தெரிந்தால் கௌரவம் என்னாவது? லேபிளைக் கிழித்துவிட்டு என் விலாசத்துக்கு அனுப்பினாய். போனிலும் மூச்சு விடவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் வருகிற லேகியம் வேறென்னவாக இருக்கும்? வருஷா வருஷம் நீ அனுப்பும் தீபாவளி மருந்துதான் என்று என் ஆத்துக்காரர் நாகேஸ்வரன் அதைச் சுவாமி முன்னால் வைத்து, எண்ணெய் ஸ்நானம் ஆனதும் தெருவுக்கே உருட்டிக் கொடுத்தார். எதிர்வீட்டுத் தாணுலிங்கம் மாமா, வயது எண்பது, ரெண்டாவது உருண்டைக்கு வந்து, “மருந்து கொள்ளாம் கேட்டியளா, வயிறு லேசாயிட்டு” என்றார். கிரிஷ் மட்டும் வரவில்லை. கழக்கூட்டத்து ஐ.டி. ஆபீஸில் அமெரிக்காக்காரனுக்குத் தீபாவளி கிடையாதே.

கூட வந்த வைட்டமின் மாத்திரை உன் பிள்ளைக்குத்தான் இருக்கும் என்று அவனிடமே சேர்த்தோம். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? அம்மா உனக்குத்தான் அனுப்பியிருக்கான்னு ஜானவி கையில குடுத்துட்டான். அந்தப் பொண்ணும் வேளை தவறாம முழுங்கியிருக்கு. ஒருநாள் அட்டைக்குப் பின்னால பொடி எழுத்துல “ஆண்களுக்கு மட்டும்”னு இருக்கறதைப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்தா. “சித்தி, நேக்கு மீசை வந்துடுமோ?” காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள் என்ற முறையில், மாத்திரையில் இருக்கிற துத்தநாகத்தால் மீசை முளைக்காது என்றேன். சிரிச்சா, அப்புறம் அழுதா. அவளுக்கு எடுக்காத டெஸ்ட் இல்லை, எல்லாம் நன்னாத்தான் இருக்கு. உன் பிள்ளை ஒரு டெஸ்டுக்குக்கூடப் போகலைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மறுநாளே போய் அவனை ஆட்டோவில் ஏற்றினேன். லேப் வாசல்ல இறங்க மாட்டேங்கறான். “அம்மா கேட்டா என்ன சொல்றது சித்தி?”

“அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். இறங்கு.”

இதோ சொல்கிறேன். எண்ணிக்கை குறைவு. இடம் சொல்ல மாட்டேன், ஒரு ரத்தக்குழாய் புடைத்திருந்தது. சின்ன ஆபரேஷன். சிகரெட்டை விடச் சொன்னார் டாக்டர் (ஆமாம், பிடிக்கிறான்). லாப்டாப்பை மடியிலிருந்து மேஜைக்கு மாற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

ஆகவே அக்கா, ஜெயித்தது நான். உன் லேகியத்தைத் தெருவே தின்றது, உன் பிள்ளை நாக்கில் துளி படவில்லை. மாத்திரையால் ஜானவிக்குத் தலைமுடி அடர்ந்ததோடு சரி. நீயே அவளுக்கு போன் பண்ணு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், நம் குடும்பத்தில் யாருக்கும் அது வராது. “சாப்பிட்டயா”ன்னு கேள், அவளுக்குப் புரியும்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம். பிறக்கப்போகிறவருக்கு உங்கள் இருவர் ஆசீர்வாதமும் வேண்டும்.

உன் தங்கை,
நாகலக்ஷ்மி

பி.கு.: இதை நாகேஸ்வரனுக்குப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் சொல்கிறார். தெருவுக்குக் கொடுத்தது பாதிதானாம். கான்டீன் சாப்பாட்டில் வயிறு கெடுமே என்று மீதியைக் காபித்தூள் டப்பாவில் போட்டு கிரிஷுக்குக் கொடுத்தாராம். அவன் தினம் ஒரு உருண்டை தின்று, டப்பாவை விரலால் வழித்ததை ஜானவியே பார்த்திருக்கிறாள். ஆகையால் ஜெயித்தது யார் என்பதை ஒத்திவைப்போம். போனை மட்டும் ஒத்திவைக்காதே. இந்தத் தீபாவளிக்கும் லேகியம் அனுப்பு, தாணுலிங்கம் மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். லேபிள் இருக்கட்டும்.